கண்ணு பொய் சொல்லுமா?

போன வாரம் ஆபீஸ்ல நான் போட்ட சார்ட்டைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினாங்க. மறுநாள் கேட்டா ஒருத்தருக்கும் புரியலை. (சார்ட் அந்த லட்சணம் :-)) பார்க்கிறவங்களுக்குப் புரியுதான்னு கண்ணை வெச்சே கண்டுபிடிக்க முடியாதான்னு தேடினப்போ சிக்கினவர்தான் ஆல்ஃப்ரெட் யார்பஸ்.

சோவியத் விஞ்ஞானி. விழி மேலேயே குட்டிக் கண்ணாடி பதிச்ச ஒரு மூடியை உறிஞ்சி ஒட்டவெச்சு, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பதிவு பண்ணின மனுஷன். படிக்கும்போதே நமக்குக் கண் கலங்குது! நாடு கடத்தப்பட்டவன் திடீர்னு வீட்டுக்குள் நுழையும் ரெபினோட ஓவியத்தை ஒரே ஆளிடம் ஏழு தடவை காட்டினார். "இவங்க வயசு என்ன?"ன்னு கேட்டா பார்வை முகங்களையே சுத்துது, "உடைகளை ஞாபகம் வெச்சுக்கோ"ன்னா துணிமணிக்குப் போகுது. 1967ல் புத்தகம் ஆங்கிலத்தில் வந்ததும், கண்ணை வெச்சே மனசைப் படிச்சிடலாம்கற நம்பிக்கை வேர்விட்டது.

2012ல் கிரீன், லியூ, வுல்ஃப் அதை மெஷின் லேர்னிங்கில் சோதிச்சாங்க. பார்த்தது யார், எந்தப் படம்னு கணினி ஓரளவு சொல்லிடுச்சு. எந்தக் கேள்விக்காகப் பார்த்தார்னு மட்டும் முடியலை. 2014ல் போர்ஜியும் இட்டியும் அதே தரவை வேறு முறையில் அலசினப்போ குருட்டு யூகத்தைவிடக் கொஞ்சம் மேல.

நடுவில் 2013ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டெய்க்கன், கரெனினி, கொனாட்டி இதை பார் சார்ட், ரேடார் சார்ட்டுக்குக் கொண்டுவந்தாங்க. என்ன வேலைக்காகப் பார்க்கிறாங்கன்னு கணிக்க முடிஞ்சது. ஆனா எங்கே பார்த்தார்ங்கறது வேற, புரிஞ்சுதாங்கறது வேற இல்லையா?

எங்க டீம் லீட் என் சார்ட்டை ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்தார். எந்த அச்சில் வருஷம் இருக்குன்னு தேடிட்டிருந்தாராம்.