எமிகிரண்டும் இமிகிரண்டும்

ஓரெழுத்து மாறுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்போர் உளர். கணக்குப் புஸ்தகத்தோடு காலங் கழிக்கும் நமக்கு அப்படிக் கேட்கத் தைரியம் இல்லை. நாம் கிள்ளான் பக்கத்திலே ஒரு செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். சில மாதங்களுக்கு முன், நேபாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்திறங்கிய புதிய ஆட்களுக்காக ஓர் ஆங்கிலப் பத்திரத்தைப் பூர்த்தி செய்ய நேர்ந்தது. அதிலே 'இமிகிரண்ட்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'எமிகிரண்ட்' என்று எழுதிவிட்டோம். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் சுழித்து, "ஆங்கிலப் பள்ளியிலே படித்த உங்களுக்குமா இந்த வித்தியாசம் தெரியவில்லை?" என்றார். வெட்கத்தோடு திருத்திக் கொடுத்தோம்.

அன்றிரவு அந்த இரண்டு வார்த்தைகளும் நம்மைத் தூங்கவிடவில்லை. எம் பாட்டனாரைப் பெற்றவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இறங்கியவர். ஏறும்போது அவர் எமிகிரண்ட்; இறங்கும்போது இமிகிரண்ட். ஆள் மாறவில்லை, தோளிலிருந்த மூட்டையும் மாறவில்லை. அப்படியாயின் வங்காள விரிகுடாவின் எந்த இடத்திலே அவர் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறினார்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் சொற்பொருளைக் கவனிப்போம். இரண்டும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. இடம் பெயர்தல் என்ற பொருளுடைய ஒரே வினைச்சொல்லின் முன்னே, 'வெளியே' என்னும் பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தால் எமிகிரேட். 'உள்ளே' என்னும் பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தால் இமிகிரேட். ஆங்கிலத்தில் முன்னதற்கு ஓர் 'எம்' எழுத்து, பின்னதற்கு இரண்டு. முன்னது விட்டு வந்த ஊரைக் கேட்கும். பின்னது வந்து சேர்ந்த ஊரைக் கேட்கும். தமிழிலே இந்த மயக்கத்திற்கு இடமே இல்லை. முத்தன் தஞ்சாவூரை விட்டுக் குடிபெயர்ந்தான், கிள்ளானிலே குடியேறினான். பெயர்தல் வேறு, ஏறுதல் வேறு என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும்.

ஆங்கிலத்திலும் இவ்விரண்டு பெயர்ச்சொற்களும் ஒரே காலத்தில் வழக்கிற்கு வந்தவை அல்ல. ஜனங்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு எமிகிரண்ட் என்ற சொல் முன்னமே தேவைப்பட்டது. இமிகிரண்ட் என்பதோ வந்தவர்களை ஏற்றுக்கொண்ட அமெரிக்காவிலே செழித்த சொல். ஜெரமி பெல்க்னாப் என்ற சரித்திராசிரியர் 1792-ம் வருஷத்தில் வெளியிட்ட நியூ ஹாம்ஷயர் சரித்திரத்தின் மூன்றாம் பாகத்திலே, தாம் இச்சொல்லைத் தயங்காமல் கையாள்வதாக முகவுரையில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அனுப்புகிறவனுக்கு ஒரு சொல், பெற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு சொல் என்று பிறந்தவை இவை. நடுவே கடலைக் கடந்தவன் தனக்கென ஒரு சொல்லையும் உண்டாக்கவில்லை.

நிற்க. இவ்விரு சொற்களும் அகராதியோடு நின்றிருந்தால் நமக்கு இத்தனை கவலை இல்லை. இரண்டு கரையிலும் அவை சட்டமாயின. இந்தியக் கரையிலே எமிகிரண்டுகளுக்கென்று 'ப்ரொடெக்டர்', அதாவது காப்பாளர், என்ற உத்தியோகஸ்தர் இருந்தார். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் மலாயாவுக்குப் போகும் ஆட்களைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பும் முகாம்கள் இருந்தன. 1922-ம் வருஷத்து இந்திய எமிகிரேஷன் சட்டம் அச்சொல்லுக்கு ஓர் இலக்கணமும் வகுத்தது. கூலிக்கு வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டு கடல் கடப்பவனும், அவ்வித வேலைக்காகப் பிறருடைய உதவியால் கடல் கடப்பவனுமே அதன்படி எமிகிரண்ட். தம் கைப்பணத்திலே டிக்கெட் வாங்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் புறப்பட்ட செட்டியாரும் மரைக்காயரும் அதே கப்பலிலே வந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு எமிகிரண்டுகள் அல்லர். ஆகவே அகராதியில் எல்லோருக்கும் பொதுவாயிருந்த சொல், சட்டத்திலே ஏழைக்கு மட்டும் உரியதாயிற்று.

இனி இந்தக் கரைக்கு வருவோம். சஞ்சிக்கூலி முறையிலே ஆள் பிடித்த காலம் 1910-ம் வருஷத்தோடு முடிந்தது. 'சஞ்சி' என்பது வாக்குறுதி என்ற பொருளுடைய 'ஜஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. யார் யாருக்குக் கொடுத்த வாக்குறுதி, அது காப்பாற்றப்பட்டதா என்பவை வேறு விஷயம். அதற்கு முன்னரே ரப்பர் பெருகி, ஆட்கள் ஏராளமாக வேண்டியிருந்ததால், 1907-ல் தமிழர் இமிகிரேஷன் நிதி என்ற ஒன்று சட்டத்தால் ஏற்பட்டது. பின்னர் அது இந்தியர் இமிகிரேஷன் நிதி என்று பெயர் மாறியது. தோட்ட முதலாளிகள், தங்கள் ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு இந்நிதிக்கு வரி கட்டினார்கள். கங்காணி தன் ஊருக்குப் போய்த் திரட்டிய ஆட்களுக்குக் கப்பற் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. அந்தக் கரையில் காப்பாளரோடு சேர்ந்து நின்ற மனிதன், இந்தக் கரையில் நிதியோடு சேர்ந்து நின்றான். அங்கே அவன் பரிதாபத்திற்குரிய பிரஜை. இங்கே வரவு செலவிலே ஓர் இனம். கணக்கு எழுதுகிறவர்கள் ஆதலால் இந்த வித்தியாசம் நமக்கு நன்றாய் விளங்குகிறது.

வரவு என்று எழுதப்பட்டதைத் திருப்பி எழுதுவதும் சுலபமே. 1930-ல் ரப்பர் விலை வீழ்ந்தபோது புதிய ஆட்களைத் தருவிப்பது நிறுத்தப்பட்டது. வேலையற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை சற்றுத் தேறியதும் 1934-ல் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். 1936-ம் வருஷக் கடைசியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1938-ல் இந்திய சர்க்கார், உதவி பெற்றுப் போகும் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்துவிட்டனர். இவ்வளவிலும், போவதா இருப்பதா என்று அந்த மனிதனைக் கேட்டவர் மிகச் சிலரே. குழாயைத் திறந்தால் வரவேண்டும், மூடினால் நிற்கவேண்டும் என்ற அளவிலேதான் அவன் வைக்கப்பட்டிருந்தான்.

வாசகர்கள் இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்து கிள்ளானிலே பங்களா கட்டிக்கொண்ட துரையும் கடல் கடந்து வந்தவர்தாமே! அவரை இமிகிரண்ட் என்று எழுதிய செக்ரோல் ஒன்றையாவது நாம் கண்டதில்லை. அவர் 'பிளாண்டர்'. இன்று கோலாலம்பூர் மாடிக் கட்டிடங்களிலே உத்தியோகம் பார்க்கும் வெள்ளையர் 'எக்ஸ்பாட்ரியேட்'. தோட்டத்திலே குலை வெட்டுபவன் மட்டும் அந்நியத் தொழிலாளி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளிலே குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும், தோட்டங்களிலே நாற்காலி போட்டு உட்கார்ந்த நம் கிராணி வர்க்கமும்கூட, இந்தச் சொல் தங்கள் சட்டையின்மேல் ஒட்டிக்கொள்ளாதபடி ஜாக்கிரதையாகவே நடந்துகொண்டனர். சாதியை ஊரிலே விட்டுவந்தோம் என்று சொல்லிக்கொண்டே, கப்பல் டிக்கெட்டைக் கொண்டு ஒரு புதுச் சாதியை உண்டாக்கிக்கொண்டோம் என்பதே நமது அபிப்பிராயம்.

அந்தப் புதுச் சாதியின் லட்சணம் 1941-ல் கிள்ளானிலே வெளிப்பட்டது. அவ்வருஷம் மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், வைத்திய வசதி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடத்தலாகாது, துரைக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் முன்னே சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த 'ஆசிய உத்தியோகஸ்தர்' பட்டியலிலே நம் போன்ற கிராணிகளும் அடக்கம் என்பதை மறைப்பதில் பயனில்லை. தொழிலாளர்களைத் திரட்டிய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். இமிகிரண்ட் என்ற சொல்லின் பல் எங்கே இருக்கிறது என்பது அப்பொழுது தெரிந்தது. உள்ளே வந்தவன் என்று ஒருவனைக் குறித்து வைத்துக்கொண்டால், வாய் திறக்கும் நாளிலே அவனை வெளியே போ என்று சொல்லலாம் அல்லவா?

அதன் பின் காலம் வெகுவாக மாறிவிட்டது. 1953-ல் நடைமுறைக்கு வந்த இமிகிரேஷன் சட்டம் பழைய வழியை அடைத்தது. பழைய நிதியும் 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, 1999-ல் கலைக்கப்பட்டது. 1957-ம் வருஷத்து அரசியற் சட்டம், சுதந்திர நாள் தொட்டு இம்மண்ணிலே பிறந்த குழந்தையைப் பிறப்பினாலேயே பிரஜையாக ஏற்றது. 1962-ல் அதற்குச் சில நிபந்தனைகள் சேர்ந்தன. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பிறந்த அக்குழந்தை எந்த ஊரையும் விட்டுப் பெயரவில்லை. எந்த ஊருக்கும் வந்து ஏறவுமில்லை. எமிகிரண்ட், இமிகிரண்ட் என்ற இரண்டும் பிரயாணத்தின் பெயர்கள்; பிறப்பின் பெயர்கள் அல்ல. பிரயாணம் முடிந்த அன்றே அவை காலாவதியாகியிருக்க வேண்டும்.

ஆயின் சட்டப் புஸ்தகம் விட்டதை நாக்கு விடவில்லை. அரசியல் மேடையிலே சூடு ஏறும்போதெல்லாம் 'பெண்டாத்தாங்' என்ற சொல் இன்றும் நம்மை நோக்கி எறியப்படுகிறது. வந்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள். நான்காம் தலைமுறையைப் பார்த்து வந்தவன் என்றால், எப்பொழுது வந்தான், எந்தக் கப்பலிலே வந்தான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையைக் கேட்கும் வாய் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நம் தமிழிலே 'வந்தேறி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பிறர்மேல் எறிவதில் நாம் இளைத்தவர்கள் அல்லர். நம் தோட்டத்து லயங்களிலே இன்று குடியிருக்கும் வங்காள தேசத்தானையும் நேபாளியையும் நம்மவர் என்னென்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பது காலைப் பெரட்டிலே நிற்பவர்களுக்குத் தெரியும். சென்னையிலே எமிகிரண்டுகளுக்குரிய காப்பாளரின் காரியாலயம் இன்றும் நடக்கிறது. 1983-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாத தமிழன் மலேசியாவுக்குக் கூலிவேலைக்கு வரவேண்டுமானால் இன்றும் அங்கே அனுமதி பெற்றாக வேண்டும். கப்பலுக்குப் பதில் விமானம் வந்திருக்கிறது. அனுப்புகிற கரையும் பெற்றுக்கொள்கிற கரையும் அப்படியே இருக்கின்றன.

ஆதலால் மேலதிகாரி திருத்தியது சரியே. அந்தப் பத்திரத்திற்கு இமிகிரண்ட் என்பதுதான் இலக்கணப்படி பொருந்தும். ஆனால் அடுத்த பத்தியிலே 'பெயர்' என்றொரு இடம் இருந்தது. முன்னெல்லாம் அதை ஏனோதானோவென்று கேட்ட மாதிரிக்கு எழுதிவிட்டுப் போவோம். இப்பொழுது அந்த ஆளையே நாற்காலியில் உட்காரவைத்து, அவன் பெயரை அவன் சொல்லுகிறபடி இரண்டு தரம் கேட்டு எழுதுகிறோம். எம் முப்பாட்டனுக்கு எந்தக் கரையிலும் எவரும் செய்யாத காரியம் அது. இதைச் செய்யச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கையில் பேனா பிடித்திருக்கும் ஒவ்வொரு தோழரும் இன்றைக்கே தொடங்கலாம்.