முள்ளை முள்ளால் எடுத்த கதை

நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு சுவர் எழுப்பிக் கொடுத்தால் அவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கீச்சென்ற சப்தங்கள் சுவருக்குக் கட்டுப்படும். லாரியின் கனத்த உறுமல் கட்டுப்படாது. விநாடிக்கு 100 தடவை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். ஆள் உயரச் சுவர் அதற்கு எம்மாத்திரம்? உச்சியில் வளைந்து மறுபுறம் இறங்கிவிடுகிறது. சுவரை இன்னும் உயர்த்தலாம். ஆனால் காற்றும் வெயிலும் போய்விடும்.

சப்தத்தைச் சப்தத்தாலேயே அடக்கினால் என்ன? பால் லூக் என்ற ஜெர்மானியர் 1933-லேயே இதற்கு விண்ணப்பித்து, 1936-ல் அமெரிக்கப் பேடண்டும் பெற்றார். குழாய்க்குள் வரும் சப்தத்தை ஒரு மைக் முன்கூட்டியே கேட்டுவிடும். மின்சாரம் ஒலியைவிட வேகமானது அல்லவா? சப்தம் வந்து சேருவதற்குள் ஒலிபெருக்கி அதற்கு நேர்மாறான அலையை அனுப்பிவிடும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரையாகும். யோசனை பிரமாதம், அதை நடத்திக் காட்டும் சாமர்த்தியம் அன்றைய கருவிகளுக்கு இல்லை.

1956-ல் கனோவர் என்ற அமெரிக்கர் பெரிய டிரான்ஸ்பார்மரின் ஓயாத ரீங்காரத்தை இப்படி அடக்கப் பார்த்தார். ஒரு திசையில் அமைதி கிடைத்தது. சற்று விலகி நின்றால் இரைச்சல் முன்னைவிட அதிகம்! ஒருவன் தூக்கத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் விலை கொடுப்பதா?

இதற்கு வழி சுவரிலேயே இருந்தது. வளைந்து வரும் ஒலிக்குச் சுவரின் மேல்விளிம்புதான் பிறப்பிடம் போல. 1993-ல் ஒமோட்டோ, புஜிவாரா என்ற ஜப்பானியர் இருவர் அந்த விளிம்பிலேயே ஒலியின் அழுத்தத்தை அடக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வாசலிலேயே திருடனை மடக்குவதுபோல், விளிம்பில் அடக்கினால் சுவருக்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் பலன் பெறும். அதற்குள் கணக்குப் போடும் நுண்கருவிகளும் கைக்கு வந்திருந்தன.

இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. கீச்சொலியின் அலை குட்டை. அதை அடக்க ஒலிபெருக்கிகளை மிக நெருக்கமாக அடுக்க வேண்டும். மழை, தூசி, செலவு வேறு. ஆனால் கீச்சொலியைத்தான் சுவரே பார்த்துக்கொள்கிறதே! சுவருக்கு முடியாததை எதிரொலி செய்யட்டும், எதிரொலிக்கு முடியாததைச் சுவர் செய்யட்டும். சுவருக்குப் பின்னால் படுத்திருப்பவனுக்கு வேண்டியது ஒரு ராத்திரித் தூக்கம். அதை யார் கொடுத்தார்கள் என்று அவன் விசாரிக்கப் போவதில்லை.