மட்டக்களப்பு – இரத்மலானை: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

மட்டக்களப்பு, இரத்மலானை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் இது 44 நிமிடப் பறப்பு. ஏறி இறங்கும் நேரம் சேர்ந்தால் ஐம்பது நிமிடத்தை எட்டும். கட்டுநாயக்கவிலிருந்து அளந்தால் தொலைவு சுமார் 206 கிலோமீற்றராகக் குறையும். ஆனால் கொழும்பு நகருக்கு இரத்மலானையே கிட்ட. அட்டவணைகள் இந்த எண்களோடு நின்றுவிடுகின்றன. மருதமுனை போன்ற கரையோர ஊருக்கோ ஓடுபாதைகளின் இடைவெளி பயணத்தின் ஒரு துண்டு மட்டுமே. வீட்டு வாசலிலிருந்து அளப்பதே சரியான அளவு.

இதற்கு வரலாறே சான்று. இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பரில். 1947 டிசம்பரில் எயார் சிலோன் அங்கிருந்து டக்கோட்டாக்களுடன் சேவையைத் தொடங்கியது. 1949இல் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்துக்கென அபிவிருத்திச் சபை உருவாக, அத்திட்டத்தின் தேவைக்கென உஹனையில் ஓர் ஓடுபாதை அமைந்தது. மருதமுனையிலிருந்து அது நேர்கோட்டில் 24 கிலோமீற்றரளவில்தான். மட்டக்களப்பு ஓடுபாதையோ ஏறத்தாழ 34. ஆயினும் குடியேற்றத்துக்காக எழுந்த அந்தத் தளம் கரையோர மக்களை எண்ணி அமைந்ததல்ல. பின்னர் விமானப்படையின் கைக்கும் போயிற்று. ஆகவே 1958இல் திறக்கப்பட்ட மட்டக்களப்பு நிலையமே மருதமுனைக்கும் நிலையமாயிற்று. 1983 மார்ச்சில் அதுவும் விமானப்படை வசமானது. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரை ஒட்டியது. இன்று இத்தகைய தடங்களில் பறக்கும் செஸ்னா கரவானின் உச்சப் பயண வேகம் சுமார் 340. அரை நூற்றாண்டுக்கு மேலான முன்னேற்றம் இத்தடத்தில் மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடம்.

நேர்கோடு ஒன்றே ஐயமற்ற அளவு, தரைப் பயணத்தைச் சேர்த்தால் ஆளுக்கொரு கணக்காகும் என்று மறுக்கலாம். துல்லியம் வேறு, பயன் வேறு. மருதமுனையிலிருந்து களுவாஞ்சிகுடி, காத்தான்குடி கடந்து கல்லடிப் பாலமேறி நிலையத்தை அடைய ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒரு மணி நேரம், இரத்மலானையிலிருந்து புறக்கோட்டைக்கு நெரிசலில் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஐம்பது நிமிடம் மூன்றரை மணி நேரமாகிறது. அப்படியும் மலைநாட்டைச் சுற்றியோ ஏறியோ போகும் இரவு பஸ்ஸை விமானம் வெல்கிறதே என்பது அடுத்த மறுப்பு. வெல்கிறது, விமானம் இருக்கும் நாளில். பஸ் ஒவ்வொரு இரவும் புறப்படும்; மருதமுனையில் நெய்த கைத்தறிச் சாரம் கட்டிய மூட்டையையும் ஏற்றிக்கொள்ளும். பத்துப் பேரளவே கொள்ளும் சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குண்டு. மூட்டையோடு போகும் நெசவு வியாபாரிக்கு அதில் இடமில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் பாதையும் இல்லாததால் அவருக்கு எஞ்சுவது பஸ்தான். சேவை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைச் சொல்லாத பயண நேரம் பாதிக் கணக்கே.

விமானப்படை வசமிருந்த மட்டக்களப்பு நிலையம் 2016இல் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் வந்தது. 2018 மார்ச்சில் உள்நாட்டு வணிகச் சேவைக்குத் திறக்கப்பட்டது.