கோப்ரா ஒப்புருவுக்கு எஞ்சின் செய்வித்தல்: வரையறை, வகை, காரணம், நிலை

1. வரையறை

வாங்குதல் வேறு, செய்வித்தல் வேறு. ஆயத்தமாக இருக்கும் எஞ்சினை வாங்குவோர் பிறர் முன்பே எடுத்த முடிவுகளை ஏற்றுக்கொள்கின்றனர். செய்விப்போர் அம்முடிவுகளைத் தாமே எடுத்துப் பட்டறையிடம் ஒப்படைக்கின்றனர். கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று இரண்டாகப் பகுப்பது நம் இலக்கண மரபு. அரசன் கட்டிய கோயில் என்னும்போது அரசன் ஏவுதற் கருத்தா. தச்சன் கட்டிய கோயில் என்னும்போது தச்சன் இயற்றுதற் கருத்தா. இப்பகுப்பு நம் ஆய்வுக்கு அப்படியே பொருந்துகிறது. இயற்றுவோர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், ஏவல் தெளிவில்லையென்றால் எஞ்சின் நல்லதாக அமையலாம். ஆனால் அந்தக் காருக்கு உரியதாக அமையாது. ஆதலால் ஏவலை எழுத்தில் வடித்த ஆவணத்துக்கு ‘ஏவற்குறிப்பு’ என்று பெயரிடுகிறோம். அதில் எவை, எந்த வரிசையில் இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘ஒப்புருக் கார்’ என்பது ஒரு மூலக் காரின் புறவடிவைப் பின்பற்றிப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டப்படுவது. நாம் இங்கே கோப்ரா ஒப்புருவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் ஏ.சி. நிறுவனம் கட்டிவந்த ஏஸ் என்னும் இலகுவான காரில் அமெரிக்க வி8 எஞ்சினைப் பொருத்தலாம் என்று 1961இல் அந்நிறுவனத்தை அணுகியவர் டெக்சாஸைச் சேர்ந்த கரோல் ஷெல்பி. 1962இல் ஃபோர்டின் 260 கன அங்குல எஞ்சினுடன் முதல் கோப்ரா உருவாயிற்று. பிறகு 289, 1965இல் 427. உடல் ஓரிடத்தது, எஞ்சின் வேறோரிடத்தது என்னும் நிலை மூலத்திலேயே இருந்தது. இன்றும் அமெரிக்காவில் இவ்வொப்புருக்கள் பல எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாமலே விற்கப்படுகின்றன. எஞ்சினைத் தேடிக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு.

2. வகை

‘பெயர்ச்சிக் கொள்ளளவு’ என்பது பிஸ்டன்கள் அனைத்தும் ஒருமுறை அடியிலிருந்து உச்சிக்குச் செல்லும்போது பெயர்க்கும் இடத்தின் கூட்டுத்தொகை. துளை விட்டம், பிஸ்டனின் பயண நீளமான வீச்சு, சிலிண்டர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதை முடிவுசெய்கின்றன. கோப்ரா அன்பர்களிடையே 427 என்னும் எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த எண்ணை இரு வழிகளில் எட்டலாம், இரண்டும் ஒன்றல்ல.

முதல் வழி ஃபோர்டின் எஃப்.இ. குடும்பம். துளை 4.23 அங்குலம், வீச்சு 3.78 அங்குலம். இதன் ‘பக்க எண்ணெய்வழி’ வகையில் பிளாக்கின் பக்கவாட்டில் ஓடும் தனி வழியால் எண்ணெய் முதலில் கிராங்க் ஷாஃப்டின் முதன்மைத் தாங்கிகளுக்குச் செல்கிறது. நெடுநேரம் முழு வேகத்தில் ஓடும் பந்தயத்துக்காக எழுந்த அமைப்பு அது. இரண்டாம் வழி 351 விண்ட்சர். இது எஃப்.இ.யைவிட இலகுவானது, குறுகலானது. இதன் இயல்பான துளை 4.00, வீச்சு 3.50. வீச்சை 4.00 ஆக நீட்டி, துளையை 4.125 ஆக்கினால் 427 கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கார்களிலிருந்து எடுக்கும் விண்ட்சர் பிளாக்கின் சுவர் 4.125 துளையைத் தாங்காது. அதற்கெனப் புதிதாக வார்த்த பிளாக் வேண்டும். பழைய பிளாக்கில் துளையை 4.030 ஆக்கி, 4.00 வீச்சு வைத்தால் கிடைப்பது 408தான். வீதியில் ஓட்டுவோருக்கு அதுவே போதும் என்பது நம் கருத்து. எண்ணின் பெருமைக்காக மட்டும் புதுப் பிளாக் வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். எஃப்.இ.யைத் தேர்வோர் மூலத்துக்கு உண்மையாக இருக்க விழைவோர். அது மதிக்கத்தக்க விழைவு. அதையும் ஏவற்குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

3. காரணம்

குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். எஞ்சினுக்குப் பிளாக்கும் பிற உறுப்புகளும் முதற்காரணம், பட்டறைக் கருவிகள் துணைக்காரணம், கட்டுவோர் நிமித்த காரணம். செய்விப்போர் பலர் முதலாவதைப் பற்றி நிறையப் பேசி, இரண்டாவதைக் கேட்காமலே விடுகின்றனர்.

சிலிண்டர் தலையின் போல்ட்டுகளை இறுக்கும்போது சிலிண்டர் சுவர் மிக நுண்ணிய அளவில் வட்டம் பிறழ்கிறது. தலையில்லாத நிலையில் துல்லிய வட்டமாக ஹோனிங் (உட்சுவரை நுண்மையாகத் தேய்த்தல்) செய்த துளை, தலை ஏறியதும் வட்டமாக இராது. எனவே தலைக்குப் பதிலாக ஒரு தடித்த தகட்டை அதே இறுக்கத்தில் பூட்டிவிட்டு ஹோனிங் செய்வர். இதை ‘இறுக்கத் தகடு’ என்போம். அத்தகடு பட்டறையில் உண்டா என்று கேட்பது ஏவுதற் கருத்தாவின் கடமை.

4. நிலை

ஏவற்குறிப்பின் முதல் நிலை பயன். கோப்ரா ஏறத்தாழ 1,100 கிலோ எடையும் 90 அங்குல அச்சிடைத் தூரமும் உடைய சிறிய கார். ஊர்வலம், நெடும்பயணம், பந்தயத் தடம் ஆகிய மூன்றில் எது முதன்மை என்று முடிவுசெய்யாமல் அடுத்த நிலைக்குச் செல்லலாகாது.

இரண்டாம் நிலை கேம் ஷாஃப்ட். எஞ்சினின் குணத்தை அமைப்பது இதுவே. வெளியேற்று வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளிழு வால்வு திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவெளியை ‘வால்வு மேற்கவிவு’ என்கிறோம். உயர் சுழற்சியில் வெளியேறும் புகையின் வேகமே புதுக் காற்றை உள்ளே இழுப்பதால் நீண்ட மேற்கவிவு நன்மை தரும். தாழ் சுழற்சியில் அதே இடைவெளியில் புகை பின்வாங்கி வந்து கலவையைக் கெடுக்கும். நின்ற நிலையில் எஞ்சின் குலுங்கும், வெற்றிடம் குறையும். அந்தக் குலுங்கல் ஓசையை விரும்பி நீண்ட கேமைக் கேட்போர் உண்டு. நகர நெரிசலில் ஓட்டுவதென்றால் அது தவறான தேர்வு.

மூன்றாம் நிலை அமுக்க விகிதம். அமெரிக்காவின் 93 ஆக்டேன் பெட்ரோலுக்கும் அலுமினியத் தலைக்கும் 10 முதல் 10.5 வரை ஏற்றது. நான்காவது கார்புரேட்டர். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் 427 கன அங்குல எஞ்சின் கொள்கை அளவில் இழுப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 741 கன அடிக் காற்று. ஆகவே 750 அளவுள்ளதே போதும். இறுதியாகப் பொருத்தம்: பானெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயரம், வளைவுகளில் எண்ணெய் ஒதுங்காதிருக்க எண்ணெய்த் தொட்டியில் தடுப்புகள், முறுக்குவிசையைத் தாங்கும் கியர்பாக்ஸ்.

5. அளத்தல்

பவுண்டு-அடியில் முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். 3,000 சுழற்சியில் 500 பவுண்டு-அடி தருவது 286 குதிரைத்திறன். 6,000இல் 450 தருவது 514. விளம்பரத்தில் இரண்டாவதே நிற்கும். வீதியில் ஓட்டுவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது முதலாவதை. எனவே உச்ச எண்ணை மட்டும் கேளாமல், 2,500 முதல் 6,000 வரையிலான முழு வளைகோட்டையும் கேட்டுப் பெற வேண்டும்.

எஞ்சினின் முறுக்குவிசையை அளக்கும் டைனோ கருவி காட்டும் அளவு அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் பழைய ஜே 607 தரப்படி திருத்தினால் புதிய ஜே 1349 தரத்தைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக வரும். ஒரே எஞ்சின் ஒரு தாளில் 500, மற்றொரு தாளில் 520. செய்விக்க எண்ணும் வாசகர்கள் எந்தத் தரத்தில் அளக்க வேண்டும் என்பதை எஞ்சின் கட்டத் தொடங்கும் முன்பே ஏவற்குறிப்பில் எழுதி, இயற்றுவோரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.