இளசா, பழசா? லீட்ஸ் 1962

ஒரு கால்பந்து கிளப் சரிய ஆரம்பித்தால் இந்தக் கேள்வி வந்துவிடும்: பையன்களை இறக்குவதா, அனுபவசாலியை வாங்குவதா? லீட்ஸ் யுனைடெட்டைப் பையன்கள் பக்கத்துக்குச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். தேதிகளை வரிசையா அடுக்கினால் கதை வேற மாதிரி இருக்கு.

1961 மார்ச்சில் டான் ரெவி, ஆட்டக்காரராக இருந்தபடியே மேலாளர் ஆனார். அடுத்த சீசனில் அணி மூன்றாம் டிவிஷனுக்கு விழும் நிலைமை. 1962 மார்ச்சில் எவர்டனிலிருந்து பாபி காலின்ஸை வாங்கினார். வயது 31, ஆள் குள்ளம்தான். கடைசி ஆட்டத்தில் நியூகாசிலை 3-0 என ஜெயித்து, 19ஆம் இடத்தில் தப்பித்தார்கள்.

பிரெம்னர் முன்பே அணியில் இருந்தார். மற்ற பையன்கள் வரிசையாக வந்தது இதற்கப்புறம்தான். 1962 செப்டம்பரில் ஸ்வான்சியில் ஸ்ப்ரேக், ரீனி, ஹன்டர், ஜான்சன் என நான்கு பதின்வயதினர் ஆடினார்கள். பின் மூவருக்கும் அதுதான் முதல் ஆட்டம். 2-0 வெற்றி.

1964இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். 1965இல் முதல் டிவிஷனில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சமமான புள்ளிகள். கோல் சராசரியில்தான் பட்டம் போச்சு. அந்த ஆண்டின் சிறந்த வீரராகக் கால்பந்து எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தது யாரை? 34 வயது காலின்ஸை!

தோற்கிற அணியில் சின்னப் பையனை இறக்கினால் பழி அவன் தலையில்தான் விழும். அதைத் தாங்கிக்கொள்ள ஒரு ஆளை ரெவி முதலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது.