பாடசாலை மேடையும் எங்கள் வரலாறும்



யூன் மாதம் நெருங்கினால் புவாண்ட்-கிளேரிலும் அயல் ஊர்களிலும் பாடசாலைகளில் ஆண்டிறுதி விழாக்கள் களைகட்டும். இசை நிகழ்ச்சி, பரிசளிப்பு, மாணவர் நாடகம் என்று பிள்ளைகள் கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "படிப்பைக் கெடுத்துக்கொண்டு நாடகம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் எங்களுக்குள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் சொந்த வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம்.

1950களில் படித்த தமிழர் பலர் கூத்தைப் படியாத சனங்களின் ஆட்டமென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதே காலத்தில், 1956இல், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை மேடையேற்றிச் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றினார். அவர் எடுத்தாண்ட நாடகம வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. எங்கள் வீட்டுக் கோடியில் கிடந்த பொருளின் பெறுமதி அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் மாணவர்களை ஒன்று சேர்த்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' என்று கூத்துகள் மேடையேறின. வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, நவீன மேடைக்கேற்பச் சில மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. ஆனால் ஆட்டமும் தாளமும் சுருங்கவில்லை. பட்டம் பெற வந்த மாணவர்களுக்கு ஆடப் பழக்கியவர்கள் கிராமத்து அண்ணாவிமார். 'இராவணேசன்' எழுதி, அதில் இராவணனாகவும் ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, ஈழத்து அரங்கின் முக்கிய ஆய்வாளரானார். நாடகம் அவருடைய படிப்பைக் கெடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் பாடசாலை ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய அவர், 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்களும் எழுதினார். வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பழக்கத்தை விட்டு, பாடி, ஆடி, சேர்ந்து விளையாடிக் கதை சொல்லும் வழி பாடசாலை மேடைக்குப் பழக்கமானது. இன்று இலங்கைப் பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' பரீட்சைக்குரிய ஒரு பாடம்.

1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பயத்தோடு வாழ்ந்த சனங்கள் தங்கள் துயரத்தைத் தங்கள் பேச்சிலேயே மேடையில் கேட்டார்கள். 1990களின் முற்பகுதியில் அவர் எழுதிய 'எந்தையும் தாயும்', பிள்ளைகள் வெளிநாடு போய்விட ஊரில் தனித்துப்போன முதியவர்களின் கதை. புலம்பெயர்ந்த எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கதையின் ஒரு பகுதி இருக்கிறது.

நாங்கள் வந்து சேர்ந்த இந்த மண்ணுக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. 1968இல் மொன்றியலில் மிஷேல் திராம்ப்ளேயின் 'லே பெல்-சேர்' மேடையேறியது. பாடப்புத்தகப் பிரெஞ்சை விட்டு, மொன்றியல் தொழிலாளர் குடும்பப் பெண்கள் சமையலறையில் பேசும் 'ஜுவால்' பேச்சில் அது எழுதப்பட்டிருந்தது. கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கியூபெக் மக்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்ட நாடகமாக அது நிலைத்துவிட்டது.

1977ஆம் ஆண்டின் 101ஆவது சட்டத்துக்குப் பிறகு, குடிபெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். ஆகவே மேடையில் நிற்கும் பிள்ளை பேசும் வசனம் கீழே இருக்கும் அம்மம்மாவுக்கு விளங்காமல் போகலாம். இதுதான் நாங்கள் யோசிக்க வேண்டிய இடம். அம்மம்மாவின் மொழி பிள்ளைக்கு விளங்காமல் போகும் நாளும் தூரத்தில் இல்லை. இரண்டு பக்கமும் வாய் அடைத்துப்போனால், நாங்கள் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்பதை எந்த மொழியில் சொல்லப்போகிறோம்?

பேராதனை மாணவர்களுக்கு அண்ணாவியார் கிடைத்ததுபோல எங்கள் வீடுகளிலும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். ஊரில் கூத்துப் பார்த்தவர்கள், பாடசாலை நாடகத்தில் வேடம் கட்டியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். ஆகவே நேயர்களே, இம்முறை விழாவுக்குத் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைக்குக் கிடைத்த வேடம் சின்னதென்றாலும் போங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். தடுமாறினால் சிரிக்காதீர்கள், ஒரு சொல் எடுத்துக் கொடுங்கள். பிறகு, தாங்கள் பார்த்த கூத்தின் கதையைப் பெரியவர்கள் சொல்லட்டும்.