தோற்கடித்தது யார்? - ஆவடி 1955, விருதுநகர் 1967

1

ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், டீக்கடையில் பேச்சு அரசியலுக்குத் திரும்பினாலே ஒரு வாக்கியத்தைச் சொல்வார்: ‘அந்த மனுசனையே தோக்கடிச்ச சனங்கய்யா இது. இதுங்களுக்கு எவன் வந்தா என்ன?’ பெயர் சொல்லத் தேவையில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்தில் எந்த டீக்கடையிலும் ‘அந்த மனுசன்’ என்றால் காமராஜர்தான்.

இந்த ஒரு வரிக்குள் ஒரு முழுக் கதையாடல் இருக்கிறது. குற்றமற்ற நாயகன், நன்றிகெட்ட சனங்கள், ஏமாற்றுப் பேச்சால் மயக்கிய எதிரிகள். இதற்கு எதிராகத் திராவிட இயக்கத் தரப்பு சொல்லும் கதை வேறு: அவர் டெல்லியின் பக்கம் நின்றார், சரித்திரச் சக்கரம் சுழன்றது, விழுந்தார். முதல் கதையில் நாயகனின் வீழ்ச்சிக்கும் நாயகனுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவதில் நாயகனே இல்லை, சக்கரம் மட்டும்தான் இருக்கிறது. ஒன்று விடுதலைத் தீர்ப்பு, மற்றது தண்டனைத் தீர்ப்பு. இரண்டுமே தப்பித்துக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: அவர் என்ன முடிவு எடுத்தார்?

2

இந்தக் கேள்வியை ஆவடியிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். அடுத்த ஜனவரியில், 1955இல், இந்த ஆவடியில் அகில இந்தியக் காங்கிரஸ் கூடியது. யு.என். தேபர் தலைமை. மாநாட்டு நகருக்குக் காமராஜரின் அரசியல் ஆசான் சத்தியமூர்த்தியின் பெயர். நேருவின் முன்னிலையில் ‘சோஷலிஸ மாதிரிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது. பேச்சுத் தமிழில் ‘மாதிரி’ என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சோஷலிஸம் மாதிரி. சோஷலிஸம் அல்ல.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் நிஜம். 1960களில் அம்பத்தூரின் வயல்களில் எழுந்த தொழிற்பேட்டை நிஜம். மத்திய அரசு ஆவடியில் அமைத்த தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஏர் பிடித்த குடும்பத்துப் பையன் லேத் பட்டறைக்குப் போனான். ஆனால் அதே ஆட்சி 1961இல் கொண்டுவந்த நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று தாராளமாக எல்லை வைத்தது. விதிவிலக்குகள் வேறு. கிராமத்தில் காங்கிரஸ் என்றால் யார்? நிலம் வைத்திருந்தவர்தான். அவரைத் தொடாமலேயே ஏழைக்கு நல்லது செய்துவிடலாம் என்பது காமராஜரின் கணக்கு. அந்தக் கணக்கை அவருக்கு யாரும் வெளியிலிருந்து ஊட்டவில்லை. (பின்னால் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது ஆட்சி மாறியிருந்தது, நிலம் கைமாறியிருக்கவில்லை. ஆக, சக்கரக் கதை சொல்கிறவர்களும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

3

நாயகனின் வீழ்ச்சியை விதியின் தலையில் கட்டுவதா, அவன் தலையிலா என்பது பழைய வழக்கு. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வீழ்ச்சிக்கு எத்தனை காரணங்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோவலனின் முற்பிறவி வினை. பொற்கொல்லனின் பொய். அரசியின் ஊடல். வினை விளையும் காலம் வந்துவிட்டது என்று காவியமே சமாதானம் சொல்கிறது. இத்தனை இருந்தும், விசாரிக்காமல் ஆணையிட்ட வாய் பாண்டியனுடையது. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் அவன் கொல்லனைக் கூப்பிடவில்லை, ஊழைக் கூப்பிடவில்லை. நானே கள்வன் என்கிறான். அந்த இடத்தில்தான் அவன் அரசன் ஆகிறான்.

கிரேக்கத்திலும் இதேதான். அரிஸ்டாட்டில் சொல்லும் ‘ஹமார்ட்டியா’ ஒழுக்கக்கேடு அல்ல. குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்த சொல் அது. ஈடிபஸ் தன் துயரங்களைத் தந்தது அப்போலோ என்கிறான், ஆனால் கண்ணைக் குத்திய கை தன்னுடையது என்றும் சேர்த்துச் சொல்கிறான். வெளிக்காரணமும் தன் பொறுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் துன்பியல். ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் விபத்து, இல்லாவிட்டால் வெறும் குற்றம்.

4

காமராஜரின் வாழ்க்கையில் குறி தவறிய இடம் எது? 1967 அல்ல, 1963 என்று நினைக்கிறேன். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தை வைத்து, அதன்படி 1963 அக்டோபர் 2இல் முதலமைச்சர் நாற்காலியை விட்டிறங்கினார். ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகிய திட்டம். அப்போது பெரியார் அனுப்பிய தந்தி பிரசித்தம். தாமாகவோ பிறர் யோசனையாலோ, எப்படி விலகினாலும் அது தமிழர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் காமராஜருக்கும் தற்கொலைக்குச் சமம் என்பது அதன் சாரம்.

‘தாமாகவோ பிறர் யோசனையாலோ’. நம் விவாதம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. யார் தூண்டினால் என்ன, விளைவு ஒன்றுதான், செய்கிறவர் நீங்கள்தான் என்கிறார் பெரியார். ஊழை நம்பாத ஒருவர் விடுத்த எச்சரிக்கை இது. நாடகத்தில் குறி சொல்பவனின் இடத்தில் ஒரு நாத்திகர் நிற்கிறார்.

பதவியைத் துறப்பது காமராஜரின் பலவீனமா? இல்லை, அவரது உச்சபட்ச நற்குணம். பதவியைவிடக் கட்சி பெரிது என்ற நம்பிக்கைதான் அவரை விருதுநகரிலிருந்து ஆவடி மேடை வரை கொண்டுவந்தது. அதே நம்பிக்கைதான் அவரை டெல்லிக்கும் கொண்டுபோனது. 1964இல் அகில இந்தியத் தலைவர். அந்த வருஷம் சாஸ்திரியையும் 1966இல் இந்திராவையும் பிரதமராக்கியதில் அவர் கை பெரிது. இங்கே சனங்களுக்கும் கோட்டைக்கும் நடுவில் பாலமாக இருந்த ஆளே இல்லாமல் போனார். நற்குணமே குறியைத் தவறவிட்டது.

5

அதற்கப்புறம் வெளிக்காரணங்கள் வரிசையாக வந்தன. அவற்றை மறுக்க முடியாது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்தார்கள். மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இந்தித் திணிப்பில் காமராஜருக்குச் சம்மதம் இல்லை. ஜனவரி கடைசியில் பெங்களூரில் கூடி அவசரப்பட வேண்டாம் என்ற தலைவர்களில் அவரும் ஒருவர். ஆனால் சென்னையில் துப்பாக்கி பிடித்தது, அவர் காலி செய்த நாற்காலியில் அவர் கட்சி உட்கார வைத்த பக்தவத்சலத்தின் அரசு. பெங்களூரில் சொன்னதை இங்கே தெருவில் வந்து சொல்ல ஆளில்லை.

பிறகு அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூணு படி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி. ராஜாஜியின் சுதந்திராவிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி வரை ஒரே அணி. 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு சுவரொட்டி ஆனார். காயம்பட்டுக் கிடந்த காமராஜர் ‘படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்’ என்றதாக இன்றும் சொல்லப்படுகிறது. சொன்னாரோ இல்லையோ, அப்படிச் சொல்லக்கூடிய இடத்துக்கு அவர் வந்துவிட்டார் என்று சனங்கள் நம்பியிருக்கிறார்கள். அதுதான் விஷயம்.

விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ‘நன்றிகெட்ட சனங்க’ என்ற கதை இங்கேதான் உடைகிறது. 1962இல் காங்கிரஸ் பெற்றது 46.14 சதம், 206இல் 139 இடங்கள். 1967இல் 41.10 சதம், 234இல் 51 இடங்கள். தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று 40.69 சதம் ஓட்டும் 137 இடங்களும் பெற்றது. நூற்றுக்கு நாற்பத்தோரு பேர் அப்போதும் காங்கிரசுக்குத்தான் போட்டார்கள். கைவிட்டது சனங்கள் அல்ல. எதிரிகளைப் பிரித்து வைத்திருக்கும் வித்தை கைவிட்டது. அந்த வித்தையில் கெட்டிக்காரரான காமராஜர் 1963க்குப் பிறகு அதை டெல்லியில் காட்டிக்கொண்டிருந்தார்.

6

தோல்வியை மக்கள் தீர்ப்பு என்று அவர் ஏற்றுக்கொண்டார். அவர் பக்தர்கள்தான் ஏற்கவில்லை. 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது, தான் பிரதமராக்கியவருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1975 அக்டோபர் 2இல், எமர்ஜென்சி காலத்தில் இறந்தார். பதவியை விட்டு சரியாகப் பன்னிரண்டு வருஷம்.

இதையெல்லாம் எழுதுவது ஒரு பெரிய மனிதரைக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல. வெளியே காரணம் தேடி அவரைக் காப்பாற்றுகிறவர்கள்தான் அவரைச் சிறியவராக்குகிறார்கள். முடிவெடுக்கும் திராணி உள்ளவரை, யார் யாரோ சதி செய்து கவிழ்த்த அப்பாவியாக மாற்றுகிறார்கள். கூடவே சனங்களையும் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

நாம் வேலை செய்யும் இயக்கங்களிலும் இந்த வாக்கியம் வேறு வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. வேலைநிறுத்தம் தோற்றால் நிர்வாகம் ஆள் பிடித்துவிட்டது. அமைப்பு உடைந்தால் உளவுத்துறை. தேர்தலில் போனால் காசு. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். பொற்கொல்லனும் உண்மையாகத்தான் பொய் சொன்னான். ஆனால் நம் கூட்டங்களில் ‘இந்த முடிவை நாமதான் எடுத்தோம்’ என்று ஒருவர் எழுந்து சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை.

டீக்கடைப் பெரியவரிடம் அடுத்த முறை இதைக் கேட்கப் போகிறேன்: ‘ஐயா, சனங்கள விடுங்க. அறுபத்து மூணுல அவரு ஏன் எறங்கினாரு?’